160, 80 மீட்டரில் இரைச்சல் குறைய: கேட்கும் நேரத்தில் டிரான்ஸ்மிட் ஆன்டெனாவைக் கழற்றி விடுங்கள்

160, 80 மீட்டர் போன்ற குறைந்த அதிர்வெண் பேண்டுகளில் இறங்கும் ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். அனுப்புவதற்கு முதலில் ஒரு வெர்டிகலோ (நிமிர்ந்து நிற்கும் கம்பி) இன்வர்ட்டட்-எல்லோ (மேலே போய்ப் பக்கவாட்டில் மடங்கும் கம்பி) கட்டுகிறார்கள். நம் சிக்னல் எங்கெங்கோ கேட்கிறது, பதில் மட்டும் நமக்குக் கேட்பதில்லை. "கேட்பதற்குத் தனி ஆன்டெனா போடு" என்று யாராவது சொல்கிறார்கள். சரி என்று ஒரு லூப்பை, அதாவது கேட்பதற்கான வளைய ஆன்டெனாவை, கட்டி நிறுத்தினால், இரைச்சல் கொஞ்சமும் குறையாமல் அப்படியே நிற்கிறது. பழி லூப் மேல் விழுகிறது. பாதி இடங்களில் குற்றவாளி பக்கத்தில் நிற்கும் டிரான்ஸ்மிட் ஆன்டெனாதான். இதைக் கண்டுபிடிக்க நான் நிறையவே அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒத்ததிர்வில் இருக்கும் ஆன்டெனா, எந்தத் திசையிலிருந்து வரும் இரைச்சலையும் வாங்கி, அதில் ஒரு பங்கைத் திரும்ப வெளியே வீசும். போதாததற்கு, அதற்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் ஷீல்டு (உலோக வெளியுறை) வழியாக வீட்டு மின்சார இரைச்சலும் ஏறி வந்து அங்கிருந்து பரவும். உங்கள் ரிசீவ் லூப்பின் கெயின் மைனஸ் 20 முதல் மைனஸ் 30 டிபிஐ (எல்லாத் திசையிலும் சமமாக வேலை செய்யும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபல்) வரைதான் இருக்கும். மெல்லப் பேசுவதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவரின் பக்கத்தில் ஒருவர் ஒலிபெருக்கியோடு நிற்பதைப் போன்ற நிலைமை இது. அத்துடன் லூப்பின் திசைத்தன்மையும் கெடும். எந்தப் பக்கம் காது மூடியிருக்க வேண்டுமோ அந்தப் பக்கமும் திறந்துவிடும். அதனால் கேட்கும் நேரத்தில் டிரான்ஸ்மிட் ஆன்டெனாவை ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொண்டு துண்டிப்பதுதான் வழி.

தொடங்கும் முன்: காகிதம், செலவு, நேரம்

காகிதங்கள் மூன்று போதும். ஒன்று, ஆன்டெனாக்கள், ரேடியல்கள் (ஆன்டெனாவின் அடியிலிருந்து பரவும் கம்பிகள்), கோஆக்ஸ் ஓடும் பாதை, வீட்டு எர்த் கம்பி எல்லாம் குறித்த ஒரு வரைபடம். கையால் வரைந்தால் போதும், ஆனால் தூரங்களை அளந்தே எழுதுங்கள். இரண்டு, வாங்கப்போகும் ரிலேயின் டேட்டாஷீட். மூன்று, இரைச்சல் அளவுகளை எழுதும் நோட்டு. உங்கள் உரிமத்தில் அனுமதித்திருக்கும் மின்திறனையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு 100 வாட்தான் போடுகிறீர்கள் என்றாலும், நாளை ஆம்ப்ளிஃபையர் வரலாம். ரிலேயை அந்த உச்சத்துக்கே தேர்ந்தெடுப்பது நல்லது.

செலவில் பெரிய பங்கை, 7-ஆம் படியில் வரும் ஃபெரைட் கோர்கள் (கம்பி சுற்றும் காந்தப் பொருள் வளையங்கள்) எடுத்துக்கொள்ளும். சாதாரண பவர் ரிலே மலிவு. வெற்றிட ரிலே அதைவிடப் பல மடங்கு விலை, தொடங்குபவருக்கு அது தேவையும் இல்லை. பெரிய செலவில்லாத வழியும் ஒன்று உண்டு, 5-ஆம் படியில் சொல்கிறேன். நேரத்தைப் பொறுத்தவரை, ரிலே பெட்டி ஒரு வாரக் கடைசி வேலை. ஆனால் முன்னும் பின்னும் அளவெடுக்கத் தனியாகப் பகலும் இரவும் வேண்டும். அவசரப்பட்டால் எது பலன் கொடுத்தது என்றே தெரியாமல் போய்விடும்.

1. முதலில் சொந்த வீட்டை அமைதிப்படுத்துங்கள்

ரிக்கை (அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டி) பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால், ஆன்டெனா வேலையைத் தொடங்கும் முன் மொபைல் சார்ஜர், எல்ஈடி விளக்கின் டிரைவர், சோலார் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஆளைப் பிடியுங்கள். இதை விட்டுவிட்டு ரிலே பெட்டி கட்டப் போவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

இதைப் பகலில் செய்யுங்கள். பகலில் 160 மீட்டரில் வானத்திலிருந்து வரும் இரைச்சல் குறைவு, அக்கம்பக்கத்து இரைச்சல் தனியாகத் தெரியும். இரவில் தொலைதூர இடிமின்னல் இரைச்சல் மேலே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

2. அளக்கும் முறையை முடிவுசெய்து, பிறகு மாற்றாதீர்கள்

ஏஜிசி (ரிசீவரின் பெருக்கத்தைத் தானாக மாற்றும் வசதி) அணைத்திருக்க வேண்டும். பிரீஆம்ப் (முன்பெருக்கி) வேண்டாம். பேண்ட்விட்த் 500 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் வெளியீட்டில் ஏசி மில்லிவோல்ட் மீட்டரை வையுங்கள், அல்லது ஆடியோவைக் கணினிக்குக் கொடுத்து அங்கே டிபி கணக்கில் பாருங்கள். எஸ்-மீட்டரை (சிக்னல் வலுவைக் காட்டும் ரிக்கின் அளவி) நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஓர் எஸ் புள்ளிக்கு 6 டிபி என்பதெல்லாம் ஏட்டில்தான், கீழ்ப்பக்க அளவுகளில் பெரும்பாலான ரிக்குகள் அதைப் பின்பற்றுவதில்லை.

புதியவர்கள் எல்லோரும் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. டிரான்ஸ்மிட் ஆன்டெனாவில் இரைச்சல் எஸ்8, லூப்பில் எஸ்2 என்றதும் வெற்றி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கெயின் குறைந்தால் இரைச்சலும் சிக்னலும் சேர்ந்தே குறையும், அதில் லாபம் ஒன்றும் இல்லை. மெல்லிய ஒரு சிக்னலைப் பிடித்து, அது இரைச்சலுக்கு எத்தனை டிபி மேலே நிற்கிறது என்பதை இரண்டு ஆன்டெனாவிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நோட்டில் ஏற வேண்டிய எண். தேதி, மணி, அதிர்வெண், அன்றைய வானிலை ஆகியவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள்.

3. டிரான்ஸ்மிட் ஆன்டெனாதான் காரணமா என்று உறுதிசெய்யுங்கள்

லூப்பில் கேட்டுக்கொண்டிருங்கள். வேறொருவர் போய் டிரான்ஸ்மிட் ஆன்டெனாவின் அடியில், கம்பியை ஃபீட் பாயிண்டிலிருந்து (கோஆக்ஸ் ஆன்டெனாவோடு சேரும் இடம்) கழற்றட்டும். ரிக்கின் பின்னால் கனெக்டரைக் கழற்றுவது இதற்கு ஈடாகாது, ஏன் என்று 5-ஆம் படியில் புரியும். கழற்றியதும் இரைச்சல் மாறுகிறதா? மாறினால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்றும் இருக்கிறது. பகலில், மீடியம் வேவின் மேல் கோடியில், 1600 கிலோஹெர்ட்ஸ் பக்கமாக, தரை அலையில் நிலையாக வரும் ஓர் ஒலிபரப்பைத் தேர்ந்தெடுங்கள். லூப்பைத் திருப்பியோ திசை மாற்றியோ அந்த நிலையம் மிகக் குறைவாகக் கேட்கும் நிலையில் வையுங்கள். டிரான்ஸ்மிட் ஆன்டெனா இணைந்திருக்கும்போது ஓர் அளவு, கழற்றிய பின் ஓர் அளவு எடுங்கள். கழற்றியதும் நிலையத்தின் சத்தம் இன்னும் கீழே இறங்கினால், லூப்பின் திசைத்தன்மையை அதுவரை கெடுத்துக்கொண்டிருந்தது அந்தக் கம்பிதான்.

ஒன்றுமே மாறவில்லையா? இரைச்சல் வேறு வழியில் வருகிறது. நேராக 7-ஆம் படிக்குப் போங்கள்.

4. உங்கள் ஆன்டெனா எந்த ரகம் என்று பார்த்து, வெட்டும் இடத்தை முடிவுசெய்யுங்கள்

பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இது. ரிலேயை எங்கே வைப்பது என்பதில் தவறினால், ரிலே ஒழுங்காக வேலை செய்யும், பலன் மட்டும் இருக்காது.

அடி காப்பிடப்பட்ட கால் அலைநீள வெர்டிகல் அல்லது இன்வர்ட்டட்-எல் என்றால் வேலை சுலபம். 1.83 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 164 மீட்டர், கால் பங்கு 41 மீட்டர். ஃபீட் பாயிண்டில் கம்பியைத் துண்டித்துவிட்டால், தரையோடு தொடர்பற்ற அந்தக் கம்பி 160 மீட்டரில் ஒத்ததிர்வை இழந்துவிடும். ரிலேயின் திறந்த முனைகளுக்கு இடையே 5 பிகோஃபாரட் கொள்திறன் இருந்தாலும் அந்த அதிர்வெண்ணில் அது 17,000 ஓம் தடை, கவலை வேண்டாம்.

ஆனால் அதே 41 மீட்டர் கம்பியை 80 மீட்டரில் நினைத்துப் பாருங்கள். அங்கே அது ஏறக்குறைய அரை அலைநீளம். அடியில் திறந்து விட்டால் தானாகவே ஒத்ததிர்வுக்கு வந்து உட்கார்ந்துவிடும்! 160 மீட்டரில் இரைச்சலைக் குறைத்த அதே ரிலே 80 மீட்டரில் கூட்டும். அதனால் 80 மீட்டரில் கேட்கும்போது அந்தக் கம்பியைத் திறக்காமல் ரேடியல்களோடு இணைத்து வைக்க வேண்டும். 80 மீட்டருக்குக் கட்டிய 20 மீட்டர் வெர்டிகலுக்கும் 40 மீட்டர் பேண்டில் இதே கதிதான். ஒவ்வொரு பேண்டுக்கும் 'திற' அல்லது 'தரையோடு சேர்' என்று ஒரு சிறு அட்டவணை போட்டு ரிக் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

குட்டையான வெர்டிகலின் அடியில் ஒரு காயில் தரைக்குப் போகிறதா? அப்படியானால் கோஆக்ஸை மட்டும் துண்டித்துப் பயனில்லை. கம்பி, காயில், தரை என்று சுற்று முழுமையாகவே இருக்கும். காயிலுக்கு மேலே, கம்பி தொடங்கும் இடத்தில்தான் ரிலே வர வேண்டும். அங்கே மின்னோட்டமும் அதிகம். 50 ஓம் புள்ளியில் 400 வாட்டுக்கு 2.8 ஆம்பியர்தான். அடித்தடை 10 ஓமாக இருக்கும் குட்டை ஆன்டெனாவில் அது 6.3 ஆம்பியராகிறது, மின்னழுத்தமும் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டக்கூடும். ரிலேயின் காண்டாக்டுக்கும் அதன் சுருளுக்கும் இடையிலான காப்பு எவ்வளவு தாங்கும் என்பதை டேட்டாஷீட்டில் தேடிப் படியுங்கள். பலரும் காண்டாக்ட் ஆம்பியரை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள்.

தரைக்கு மேலே தூக்கிக் கட்டிய ரேடியல்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. எதிரெதிரே ஓடும் இரண்டு கால் அலைநீள ரேடியல்கள் சேர்ந்தால் அதுவே தாழக் கட்டிய ஓர் அரை அலைநீள டைபோல் (நடுவில் இணைப்பு எடுக்கும் இருபக்கக் கம்பி ஆன்டெனா). செங்குத்துக் கம்பியைத் துண்டித்த பிறகும் அவை இரைச்சலை வாங்கிக்கொண்டிருக்கும். அவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க வேண்டிவரலாம். தரையில் பரப்பிய ரேடியல்களில் இந்தத் தொல்லை குறைவு.

அடி தரையோடு இணைந்த கோபுரத்தைப் பக்கவாட்டுக் கம்பி மூலம் ஓட்டுபவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. ஃபீட் பாயிண்டைத் திறந்தாலும் கோபுரம் அப்படியேதான் நிற்கும். கேட்கும்போது பக்கவாட்டுக் கம்பியில் ஒரு கொள்திறனைச் சேர்த்து, கோபுரத்தில் ஓடும் மின்னோட்டம் குறையும் வரை சரிசெய்ய வேண்டும். அதற்கு மின்னோட்ட அளவியும் பொறுமையும் வேண்டும். முதல் முயற்சிக்கு இது ஏற்றதல்ல.

5. ஆன்டெனாவில் ரிலே வைக்காமல் ஒரு வழி: கோஆக்ஸ் நீளம்

மேலே தொங்கும் டைபோலின் நடுவில் ரிலே வைக்க யாருக்கும் ஆசை வராது. அதற்கு இந்த வழி. கோஆக்ஸின் மின்சார நீளம் அரை அலைநீளமாகவோ அதன் மடங்காகவோ இருந்தால், ரிக் பக்கத்து முனையைத் திறந்து வைத்தால் மறுமுனையும் திறந்ததாகவே ஆன்டெனாவுக்குத் தெரியும். நீளம் கால் அலைநீளத்தின் ஒற்றைப்படை மடங்கானால், ரிக் பக்கத்து முனையை ஷார்ட் செய்தால் மறுமுனை திறந்ததாகத் தெரியும். ரிக்கின் பின்னால் கனெக்டரைக் கழற்றுவது சிலருக்குப் பலன் தந்து, சிலருக்கு நிலைமையை மோசமாக்குவது இதனால்தான்.

திண்மப் பாலிஎதிலீன் கோஆக்ஸின் வேக விகிதம் 0.66. அப்படியானால் 1.83 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 27 மீட்டர், அரை அலைநீளம் 54 மீட்டர். நுரை வகையில் இந்த விகிதம் கூடும், ஆகவே கணக்கை மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள். ஆன்டெனா முனையைத் திறந்துவிட்டு, ரிக் பக்கத்தில் ஆன்டெனா அனலைசரை மாட்டுங்கள். ரியாக்டன்ஸ் முதன்முதலில் சுழியாகி, தடையும் மிகக் குறைவாகத் தெரியும் அதிர்வெண்ணில் உங்கள் கோஆக்ஸ் சரியாகக் கால் அலைநீளம். நீளம் இரண்டுக்கும் நடுவில் நின்றால், கேட்கும்போது மட்டும் கூடுதல் கோஆக்ஸ் துண்டு சேரும்படி செய்யலாம்.

இதில் இரண்டு நிபந்தனை. ஃபீட் பாயிண்டில் நல்ல காமன் மோட் சோக் (ஷீல்டின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுப்பது) இருக்க வேண்டும், இல்லையென்றால் ஷீல்டின் வெளிப்புறமே ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும். அப்புறம், ரிசீவ் ஆன்டெனாவுக்கான தனித் துளையைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் ரிக் முதன்மை ஆன்டெனாவைத் திறந்து விடுகிறதா, எதனுடனாவது இணைக்கிறதா என்பதை அதன் சர்க்யூட் படத்தில் பாருங்கள். நடுவில் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதன் ரிலேயும் கணக்கில் வரும். என் விருப்பம், வெளியே ஒரு கோஆக்ஸ் ரிலே வைத்து, திறப்பதோ ஷார்ட்டோ, நிலைமையை நம் கையில் வைத்துக்கொள்வது.

6. ரிலே பெட்டி, நேர ஒழுங்கு, பாதுகாப்பு

ரிலேயின் இயல்பு நிலையில் ஆன்டெனா இணைந்திருக்க வேண்டுமா, பிரிந்திருக்க வேண்டுமா என்பதில் ஹாம்களிடையே இரண்டு கட்சி உண்டு. நான் இணைந்திருக்கும் கட்சி. கேட்கும்போதுதான் சுருளுக்கு மின்சாரம் போகும், கட்டுப்பாட்டு வயர் அறுந்தாலும் ஆன்டெனா இணைந்தே இருக்கும், டிரான்ஸ்மிட்டர் திறந்த முனையைப் பார்க்காது. இதன் குறை, மணிக்கணக்கில் சுருள் சூடாவது. எனவே தொடர்ந்து மின்னூட்டம் தாங்கும் என்று டேட்டாஷீட்டில் எழுதிய ரிலேயாகப் பாருங்கள்.

இந்த முறையில் பிடிடி (அனுப்புவதற்கு அழுத்தும் பொத்தான்) அழுத்தியதும் ரிலே விடுபட வேண்டும். சுருளின் குறுக்கே வெறும் டையோடு போட்டால் விடுபடும் நேரம் நீளும். டையோடோடு தொடராக ஒரு ஜீனர் போடுங்கள், சுறுசுறுப்பாகிவிடும். சாதாரண பவர் ரிலே மாற 10 மில்லிவிநாடி வரை எடுக்கலாம். காண்டாக்ட் துள்ளி அடங்கவும் கொஞ்சம் விட்டு, ரிக்கின் மெனுவில் டிரான்ஸ்மிட் தாமதத்தை 20 மில்லிவிநாடிக்கு மேல் வையுங்கள். சிடபிள்யூவில் (மோர்ஸ்) முழு பிரேக்-இன் (அனுப்பும் புள்ளி, கோடுகளின் இடைவெளியிலும் கேட்பது) பழக்கமுள்ளவர்கள் இந்த ரிலேயோடு அதை மறந்துவிட வேண்டியதுதான்.

வரிசை இப்படி இருக்க வேண்டும்: பிடிடி, ரிசீவ் ஆன்டெனா தரைக்கு, டிரான்ஸ்மிட் ஆன்டெனா இணைப்பு, அதன் பிறகே ஆர்எஃப் (டிரான்ஸ்மிட்டரின் ரேடியோ அதிர்வெண் ஆற்றல்). முடியும்போது தலைகீழாக, ஆர்எஃப் நின்ற பிறகே ரிலேக்கள் அசைய வேண்டும். ஆர்எஃப் ஓடும்போது காண்டாக்ட் திறந்தால் பொறி பறந்து முனை கருகும். ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் அதன் கீ வயரையும் இதே சங்கிலியில் கோர்த்துவிடுங்கள்.

அனுப்பும் நேரத்தில் டிரான்ஸ்மிட் ஆன்டெனா முழு உயிரோடு இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். 400 வாட் அனுப்பும்போது லூப்புக்கு மைனஸ் 30 டிபி கசிந்தாலே 0.4 வாட், ரிசீவரின் முன்பகுதிக்கு அது ஆபத்து. லூப்பின் கோஆக்ஸை ரிக்கில் மாட்டும் முன், 50 ஓம் தடையில் முடித்து, ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். முகட்டிலிருந்து முகடு 2 வோல்ட் என்றால் 10 மில்லிவாட். நான் அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. குறைந்த திறனில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். பாதுகாப்புக்காக எதிரெதிர் டையோடுகள் போடுபவர்கள், பக்கத்தில் வலுவான மீடியம் வேவ் நிலையம் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்றைத் தொடராகப் போடுங்கள். ஒற்றை டையோடு அந்த வலுவில் கடத்தத் தொடங்கி, இல்லாத சிக்னல்களை உருவாக்கும்.

இன்னொன்று, துண்டிக்கப்பட்ட கம்பியில் நிலைமின்னூட்டம் தேங்கும். கம்பிக்கும் தரைக்கும் இடையே உயர் மின்னழுத்தம் தாங்கும் 100 கிலோஓம் தடை ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். ஆர்எஃப் மின்னழுத்தம் ஆயிரத்தைத் தொடும் குட்டை ஆன்டெனா என்றால் ஒரு மெகாஓமுக்கு, பல தடைகளைத் தொடராகக் கோர்த்துப் போடுங்கள். இடி கேட்கும் நாளில் இதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், எல்லாக் கோஆக்ஸையும் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

7. லூப்பின் கோஆக்ஸையும் தனிமைப்படுத்துங்கள்

லூப்பை, கோஆக்ஸோடு அதை இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கழற்றி, அந்த இடத்தில் லூப் காட்டும் தடைக்குச் சமமான ஒரு தடையை வையுங்கள். இப்போது ரிசீவரில் அதன் சொந்த இரைச்சல் மட்டும் கேட்க வேண்டும். சிக்னலோ வீட்டு இரைச்சலோ கேட்டால், கோஆக்ஸின் வெளிப்புறமே ஆன்டெனாவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மருந்து மூன்று. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுருள்களும் ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியாகச் சுற்றியிருக்க வேண்டும், 73 ரக ஃபெரைட்டில் செய்த இரட்டைத் துளைக் கோர் இதற்கு நன்றாகப் பொருந்தும். லூப்பின் எர்த் கம்பியை டிரான்ஸ்மிட் ரேடியல்களோடு இணைக்காதீர்கள். கோஆக்ஸில் 31 ரக, 240 அளவு டொராய்டில் மெல்லிய கோஆக்ஸைப் பத்து முதல் பதினைந்து சுற்றுச் சுற்றிய சோக் போடுங்கள். கோஆக்ஸில் நேராகக் கோர்த்துவிடும் ஒற்றை ஃபெரைட் மணி இந்த அதிர்வெண்ணில் ஒன்றுக்கும் உதவாது. தடை சுற்று எண்ணிக்கையின் இருமடியில் ஏறுவதால், சுற்றுதான் இங்கே காசு. கோஆக்ஸ் ரேடியல் பரப்பின் ஊடாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வரட்டும், முடிந்தால் மண்ணுக்குள்.

8. திரும்ப அளவெடுப்பது

2-ஆம் படியில் முடிவுசெய்த அதே அமைப்பு, அதே அதிர்வெண். பகலில் மீடியம் வேவ் நிலையத்தின் சோதனை ஒரு முறை, இரவில் மெல்லிய சிக்னல்களோடு ஒரு முறை. இரவு அளவை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஆகவே ரிலேயை இயக்கியும் நிறுத்தியும் மாறி மாறிக் கேட்டுச் சராசரி எடுங்கள். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையே 3 டிபி கூடினாலே, விட்டுப்போன அழைப்புக்குறியின் கடைசி எழுத்து கேட்கத் தொடங்கும்.

ஒன்றுமே கூடவில்லை என்றால் பெட்டியைப் பிரிக்கும் முன் ரிலே உண்மையில் திறக்கிறதா என்று அனலைசரில் பாருங்கள், அப்புறம் 4-ஆம் படியின் அட்டவணையைத் திரும்பச் சரிபாருங்கள். அதுவும் சரியென்றால் லூப்பை நகர்த்திப் பார்ப்பதே மிச்சம். மழைக்காலம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, காண்டாக்டுகளையும், கீழே நீர் வடிய விட்ட துளையையும் பார்த்துவிடுங்கள். எறும்புகளுக்கு அந்தத் துளை மிகவும் பிடிக்கும், ஒரு துண்டு மெல்லிய வலை போதும்.